நெட்டில் பார்த்தோம் டாக்டர்!

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய், கையில் ஒரு போன், அதற்குள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதை நம்புவது? அதனால் சர்க்கரைக்காரர்களும் மூட்டுவலிக்காரர்களும் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் புற்றுநோய் நிபுணன் இல்லை. கும்பகோணம் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறவன். தஞ்சாவூருக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போய் வந்தவர்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து "இதுல என்னதான் எழுதியிருக்கு சார்?" என்று என்னிடம் கேட்பார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டுக் கிடைத்த பழக்கத்தில்தான் இந்தப் பதில்கள். இதைப் படித்துவிட்டு யாரும் ஒரு மாத்திரையைக்கூட மாற்ற வேண்டாம்.

அம்மாவுக்கு 58 வயது. மார்பில் கட்டி, ஆபரேஷன் முடிந்துவிட்டது, அடுத்தது கீமோ என்கிறார்கள். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போனில் தேடித் தேடிப் படிக்கிறேன். "கூகுளைப் பார்க்காதே, பைத்தியம் பிடிச்சிடும்" என்கிறான் அண்ணன். தேடுவது தப்பா? இல்லையென்றால் எப்படித் தேடுவது?
– ஒரு மகள், மன்னார்குடி

தப்பே இல்லை அம்மா. ஓபியில் வெளியே நூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்; அதில் பாதி ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதிலேயே போய்விடும். மீதிச் சந்தேகத்தை எங்கே கொண்டுபோய்க் கேட்பது? "நெட்டைப் பார்க்காதீங்க" என்று சொல்கிற டாக்டர் வீட்டில் ஒருவருக்கு வந்தால் அவரும் அன்று ராத்திரி அதைத்தான் செய்வார்.

ஆனால் போனைத் திறப்பதற்கு முன்னால் ஃபைலைத் திறங்கள். "மார்பகப் புற்று" என்று பொதுவாகத் தேடினால் கிடைப்பது உங்கள் அம்மாவைப் பற்றியதாக இருக்காது, ஏனென்றால் அது ஒரே நோய் இல்லை. பயாப்ஸி (சதை எடுத்துச் செய்த டெஸ்ட்) ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோன் சம்பந்தப்பட்டவை), ஹெர்-2 (ஒரு புரதம்) என்று மூன்று வரிகள் இருக்கும், பக்கத்தில் பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ் என்று போட்டிருக்கும். முதல் இரண்டில் ஒன்றாவது பாசிட்டிவ் என்றால் கீமோ முடிந்த பிறகு சில வருடங்களுக்கு ஹார்மோன் மாத்திரை வரும். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் அதற்கென்றே டிராஸ்டுசுமாப் என்ற ஊசி இருக்கிறது. மூன்றுமே நெகட்டிவ் என்றால் வழி வேறு. அப்புறம் கட்டியின் அளவு, அக்குளிலிருந்து எடுத்த நிணநீர் முடிச்சுகளில் எத்தனையில் நோய் இருந்தது, எந்த ஸ்டேஜ். இவ்வளவும் தெரிந்த பிறகுதான், எதிர்வீட்டு அத்தைக்குக் கொடுத்த மருந்தை அம்மாவுக்கு ஏன் எழுதவில்லை என்பதே புரியும். ரிப்போர்ட்டில் இருக்கிற அதே ஆங்கிலச் சொற்களை எழுத்துப் பிசகாமல் தட்டித் தேடுங்கள்.

தமிழில் தேடுவதில் ஒரு வில்லங்கம் உண்டு. "புற்றுநோய் குணமாக" என்று தட்டினால் குணமாக்குகிறேன் என்று கடை விரித்திருப்பவர்கள்தான் வரிசையாக வந்து நிற்பார்கள். கேட்ட வார்த்தைக்கு ஏற்ற ஆளைக் கூகுள் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். முதலில் வரும் இரண்டு மூன்று முடிவுகளின் மேல் பொடி எழுத்தில் "ஸ்பான்சர்டு" என்று இருந்தால் அது காசு கொடுத்து வாங்கிய இடம். மருத்துவமனை பெயராகவே இருந்தாலும் விளம்பரம் விளம்பரம்தான்.

நான் போய்ப் பார்க்கும் இடங்களைச் சொல்கிறேன். அமெரிக்க அரசின் நேஷனல் கேன்சர் இன்ஸ்டிட்யூட் தளத்தில் ஒரே நோய்க்கு நோயாளிக்கு ஒன்று, மருத்துவருக்கு ஒன்று என்று இரண்டு பக்கம் வைத்திருப்பார்கள், கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்ற தேதியும் இருக்கும். பிரிட்டனின் கேன்சர் ரிசர்ச் யூகே, அப்புறம் அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி, இவை இரண்டும் எளிய ஆங்கிலம். நம் நாட்டில் மும்பை டாடா மெமோரியல் முன்னின்று 2012-ல் தொடங்கிய நேஷனல் கேன்சர் கிரிட், இந்திய மருத்துவமனைகளுக்கான சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடுகிறது. அது டாக்டர்களுக்காக எழுதியது, படிக்கச் சிரமம்தான். ஆங்கிலம் கடினமாக இருந்தால் போனிலேயே தமிழாக்கிப் படிக்கலாம், பொதுவாக விஷயம் புரியும். மருந்து அளவையும் ரிப்போர்ட் முடிவையும் மட்டும் அந்தத் தமிழாக்கத்தை நம்பிப் படிக்காதீர்கள்.

அமெரிக்கப் பக்கங்களில் லட்சக்கணக்கில் விலையுள்ள மருந்துகளின் பெயர் வரும். "இதை ஏன் எங்களுக்குத் தரலை, ஏமாத்துறாங்களா?" என்ற சந்தேகம் உடனே வரும். அதை மனதில் வைத்துப் புழுங்காமல் நேராகக் கேட்டுவிடுங்கள். அம்மாவின் வகைக்கு அது தேவையே இல்லாமலிருக்கலாம், காப்பீட்டில் வராமலிருக்கலாம். பதில் எதுவானாலும் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

கீமோ நேரத்தில் நெட் நிஜமாகவே உதவுவது பக்கவிளைவு விஷயத்தில். வாய்ப்புண்ணுக்கு என்ன செய்வது, வாந்தி வந்தால் எதைச் சாப்பிடுவது, எப்போது மருத்துவமனைக்கு ஓடுவது, இதெல்லாம் மேலே சொன்ன தளங்களில் நன்றாக இருக்கிறது. ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன்: கீமோ ஓடும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, மாத்திரை போட்டுப் படுக்கவைக்கவும் கூடாது. ரத்த வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும்போது வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். உடனே கீமோ கொடுத்த இடத்துக்குப் போன் போடுங்கள், பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அண்ணன் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்குப் படிப்பது மட்டும் வேண்டாம். பகலில் படியுங்கள், கேள்வியை நோட்டில் எழுதுங்கள், அடுத்த முறை ஓபிக்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சூடான தேங்காய்த் தண்ணீர் புற்றுநோய் செல்லைக் கொல்லும் என்று டாடா மருத்துவமனை டாக்டர் பெயர் போட்டு வந்தது. எங்களுக்குத் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. கொடுக்கலாமா?
– தென்னை விவசாயி, பேராவூரணி

கஜா புயலில் விழுந்தது போக மிச்சமிருக்கிற மரத்துக் காயைத் தாராளமாக வெட்டிக் குடியுங்கள் ஐயா, தாகத்துக்கு. புற்றுக்கு அது மருந்து இல்லை. அந்தச் செய்தி போலி, தங்கள் டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை என்று டாடா மெமோரியலே மறுத்துவிட்டது. மறுத்த பிறகும் அந்தச் செய்தி ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது, மறுப்பை யார் ஃபார்வர்டு செய்கிறார்கள்? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பெயரிலும் இதே போல ஒன்று வருடக்கணக்கில் சுற்றியது, அவர்களும் மறுத்தார்கள். பெரிய மருத்துவமனை பெயர் போட்டு வந்தால் அந்த மருத்துவமனையின் சொந்தத் தளத்தில் அது இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். அங்கே இல்லையென்றால் அழித்துவிடலாம்.

சமூக ஊடகங்களில் புற்றுநோய் பற்றி அதிகமாகப் பகிரப்பட்ட 200 ஆங்கிலக் கட்டுரைகளைப் புற்றுநோய் நிபுணர்களை வைத்து ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கில் தவறான தகவல். அதைவிடக் கொடுமை, சரியானதைவிடத் தவறானதற்குத்தான் வரவேற்பு அதிகம். ஆகவே "லட்சம் பேர் பார்த்திருக்காங்களே" என்பது ஒரு தகுதியே இல்லை.

அப்பாவுக்கு இரைப்பையில் புற்று. கீமோ நடக்கிறது, ஆள் துவண்டுவிட்டார். யூடியூபில் ஒருவர், டாக்டர்கள் கைவிட்ட தன்னை மூலிகைதான் பிழைக்க வைத்தது என்று அழுதுகொண்டே சொல்கிறார். நித்தியகல்யாணியிலிருந்துதான் கேன்சர் மருந்தே எடுக்கிறார்களாமே? கொல்லையில் நிறையப் பூத்திருக்கிறது. டாக்டருக்குச் சொல்லாமல் கூடவே கொடுக்கலாமா?
– மகன், பாபநாசம்

நித்தியகல்யாணி விஷயம் உண்மைதான் தம்பி, அதனால்தான் ஆபத்து. அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் இரண்டும் 1960களின் தொடக்கத்திலிருந்து பயன்பாட்டில் இருக்கின்றன. ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு வின்கிரிஸ்டின் இன்றும் முக்கியமான மருந்து. ஆனால் கிலோ கிலோவாக இலையைப் பதப்படுத்தினால் கிடைப்பது துளியூண்டு, அதையும் நோயாளியின் உடல் அளவைக் கணக்குப் போட்டு மில்லிகிராமில் ரத்தக்குழாய் வழியாகத்தான் ஏற்றுவார்கள், கொஞ்சம் கூடினால் நரம்பு பாதிக்கும். இலையை அரைத்துக் குடித்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தச் செடியில் நஞ்சான வேறு பொருள்களும் இருக்கின்றன. தவிர, அது இரைப்பைப் புற்றுக்கான மருந்தும் இல்லை.

அழுகிற அந்த மனிதரைப் பற்றி. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. வீடியோவை இன்னொரு முறை போட்டு, அவர் சொல்லாமல் விட்டதைக் கவனியுங்கள். பயாப்ஸியில் உறுதியான புற்றுதானா? அந்தக் காகிதத்தைக் காட்டினாரா? மூலிகைக்கு முன்னால் ஆபரேஷனோ கீமோவோ கரண்ட் வைப்பதோ (கதிர்வீச்சு) நடந்ததா? பாதிப் பேர் அதை முடித்துவிட்டுத்தான் மூலிகைக்குப் போவார்கள், பெயர் கடைசியாகச் சாப்பிட்டதற்குப் போய்விடும். எத்தனை வருடம் ஆகிறது? வீடியோவுக்குக் கீழே போன் நம்பர், கூரியர் வசதி என்று இருக்கிறதா? இன்னொன்றும் யோசியுங்கள். அதே மூலிகையைச் சாப்பிட்டுப் பலனில்லாமல் போனவர்கள் வீடியோ போடப் போவதில்லை.

2018-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒன்று செய்தார்கள். வேறு உறுப்புக்குப் பரவாத, சிகிச்சை செய்யக்கூடிய நிலையிலிருந்தும் வழக்கமான சிகிச்சையைத் தவிர்த்து மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்துக்கொண்ட 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மாற்று மருத்துவத்துக்கு மட்டும் போனவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல்.

நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை, எங்கள் தெருவிலேயே நல்ல சித்த மருத்துவர் இருக்கிறார், சளிக்கு நானே அவரிடம் போவேன். ஆனால் கீமோ நடக்கும்போது ரகசியமாகக் கொடுப்பது வேறு. கல்லீரலும் சிறுநீரகமும்தான் கீமோ மருந்தை உடலிலிருந்து வெளியேற்றுகின்றன. அதே நேரத்தில் பாதரசம், கந்தகம் சேர்த்த மருந்தோ எந்தச் செடி என்றே தெரியாத பொடியோ உள்ளே போனால் இரண்டும் திணறும். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல், சிறுநீரக அளவுகள் ஏறும், எதனால் என்று டாக்டர் குழம்புவார், நல்ல மருந்தை நிறுத்துவார். திட்டுவார் என்ற பயத்தில்தான் எல்லோரும் மறைக்கிறார்கள். திட்டினால் திட்டட்டும், பாட்டிலைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். சித்த மருத்துவம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் முறையாகப் படித்த அரசு சித்த மருத்துவரிடம் கீமோ ஃபைலையும் கொண்டுபோங்கள். அவரே "இப்ப வேண்டாம், முடியட்டும்" என்று சொல்லக்கூடும்.

புற்றைக் குணப்படுத்துவேன் என்று விளம்பரம் செய்வதே நம் நாட்டில் குற்றம், 1954-லிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. யூடியூபில் அந்தச் சட்டம் இருக்கிற சுவடே தெரியவில்லை, அது வேறு கதை.

அப்பா துவண்டது பற்றி டாக்டரிடம் சொன்னீர்களா? வாந்தியை நிறுத்த, பசியெடுக்க, ரத்தம் ஏற வழிகள் இருக்கின்றன. உங்கள் கடிதம் முழுக்க மூலிகையைப் பற்றித்தான் இருக்கிறது, அவர் என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு வரி இல்லை.

சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினியில் செத்துவிடும், வேப்பிலையும் மஞ்சளும் போதும் என்று ஒரு கிரிக்கெட் வீரர் சொன்னாரே? என் மனைவிக்குச் சோற்றையும் நிறுத்திவிட்டோம்.
– மயிலாடுதுறை

முதலில் சோற்றைப் போடுங்கள் ஐயா.

நீங்கள் சொல்வது நவ்ஜோத் சிங் சித்து 2024 நவம்பரில் பேசியது. நான்காம் ஸ்டேஜிலிருந்து மனைவி மீண்டதற்கு உணவுக் கட்டுப்பாடு காரணம் என்றார். உடனே டாடா மெமோரியலில் இருக்கும், இருந்த 262 புற்றுநோய் மருத்துவர்கள் கையெழுத்துப் போட்டு, இதற்கு ஆதாரமில்லை, சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். அந்த அம்மாவுக்கு ஆபரேஷனும் கீமோவும் நடந்திருந்தன. பேச்சில் எடுபட்டது வேப்பிலை.

புற்று செல் சர்க்கரையை அதிகம் இழுக்கும் என்பது நிஜம், பெட் ஸ்கேன் அதை வைத்துத்தான் எடுக்கிறார்கள். ஆனால் மூளையும் சதையும் அதே சர்க்கரையில்தான் ஓடுகின்றன, நீங்கள் வாயைக் கட்டினாலும் உடம்பு வேறு எதிலிருந்தாவது அதைத் தயாரித்துக்கொள்ளும். பட்டினி கிடந்து எடை இழப்பது உங்கள் மனைவிதான். எடை இறங்கினால் கீமோவைத் தள்ளிப்போட வேண்டி வரும். சர்க்கரை நோய் இருந்தால் கணக்கு வேறு, அதை டாக்டர் சொல்வார். இல்லையென்றால் சோறு, பருப்பு, முட்டை, மீன், தயிர், எது இறங்குகிறதோ அது.

எனக்கு 34 வயது. ரத்தப் புற்றில் சி.எம்.எல். என்ற வகை என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நெட்டில் பார்த்தால் மூன்று முதல் ஐந்து வருடம் என்று போட்டிருக்கிறது. பெண் குழந்தைக்கு இரண்டு வயது. தூக்கமே இல்லை.
– பெயர் வேண்டாம், நாகப்பட்டினம்

தம்பி, அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து எந்த வருடம் எழுதியது என்று பாருங்கள். தேதியே இல்லாமலிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். நீங்கள் படித்தது ஒரு காலத்தில் உண்மை. 2001-ல் இமாடினிப் என்ற மாத்திரை வந்தது, அதோடு அந்தக் கணக்கே தலைகீழாகிவிட்டது. இன்றைக்கு ஆரம்ப நிலையில் கண்டுபிடித்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிற சி.எம்.எல். நோயாளிகளில் பெரும்பாலானோர் கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே ஆயுள் வாழ்கிறார்கள். அந்த மருந்துக்குக் காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தை முதலில் நிராகரித்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான், 2006-ல். 2013-ல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. நம்மூரில் அது மலிவாகக் கிடைப்பதற்கு அந்தக் கதையும் ஒரு காரணம்.

ஆயுள் கணக்கு எதைப் படித்தாலும் இதை மனதில் வையுங்கள். "ஐந்து வருட உயிர்வாழ்வு" என்று இன்று ஒரு எண் போட வேண்டுமானால் ஐந்து வருடத்துக்கு முன்பாவது நோய் வந்தவர்களைப் பார்த்திருக்க வேண்டும். அதாவது அந்த எண் எப்போதுமே பழைய சிகிச்சையின் எண். அதில் எண்பது வயதுக்காரரும் இருப்பார், மாத்திரையைப் பாதியில் விட்டவரும் இருப்பார். பெரும்பாலும் அது அமெரிக்கக் கணக்கு. "சராசரியாக இரண்டு வருடம்" என்று போட்டிருந்தால், பல ஆய்வுகளில் அதற்குப் பொருள் பாதிப் பேர் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தார்கள் என்பது. அந்தப் பாதியில் பத்து, பதினைந்து வருடம் இருந்தவரும் உண்டு. உங்களுக்கு என்ன என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

உங்களுக்கு வேண்டிய எண், நோய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். பரிசோதனையில் வருகிறது. டாக்டர் சொன்ன இடைவெளியில் அதை எடுங்கள், போன தடவையை விட இறங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள், உடம்பு நன்றாகிவிட்டதாகத் தோன்றும்போதுதான் விடத் தோன்றும்.

100 ரூபாய் மாத்திரை கண்டுபிடித்துவிட்டார்கள், புற்று திரும்ப வராதாம் என்று செய்தி வந்ததே, எங்கே கிடைக்கும்?
– திருவாரூர்

2024 பிப்ரவரியில் வந்த செய்தி அது. ஆராய்ச்சி நிஜம், டாடா மெமோரியல்காரர்கள் செய்தது, திராட்சையிலும் இருக்கிற ரெஸ்வெரட்ரால் என்ற பொருளோடு தாமிரம் சேர்த்தது. ஆனால் திரும்ப வராமல் தடுக்கிறதா என்ற சோதனை எலிகளில்தான் நடந்திருந்தது. மனிதர்களிடம் அதைப் பார்த்து முடிக்க வருடங்கள் ஆகும் என்று அவர்களே அன்றைக்குச் சொன்னார்கள். தலைப்பில் எலி விடுபட்டுப் போனது. எந்தப் புதுச் செய்தியைப் பார்த்தாலும் முதலில் எலியா, மனிதரா, எத்தனை பேர் என்று தேடுங்கள். ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் புற்று செல்லைக் கொன்ற பொருள்கள் ஏராளம், மருந்தாகத் தேறியவை சொற்பம்.

மனிதர்களிடம் சோதனை நடக்கிறதென்றால் அது சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், 2009-லிருந்து கட்டாயம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். "ட்ரையல்ல சேர்த்துவிடுறேன், இவ்வளவு பணம் கட்டுங்க" என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், முறையான சோதனையில் சோதிக்கிற மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவதில்லை.

அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஏ.ஐ.யிடம் போட்டால் டாக்டரைவிடத் தெளிவாகச் சொல்கிறது. அதையே நம்பலாமா? ஃபேஸ்புக் குரூப்பில் போட்டால் அனுபவசாலிகளும் சொல்கிறார்கள்.
– கல்லூரி மாணவர், திருத்துறைப்பூண்டி

புரியாத சொல்லுக்கு விளக்கம் கேட்க நல்ல வசதி, நானும் பயன்படுத்துகிறேன். "இந்த ரிப்போர்ட்டை வைத்து டாக்டரிடம் என்னென்ன கேட்கலாம்?" என்று கேளுங்கள், உருப்படியாகச் சொல்லும். என்ன சிகிச்சை என்று கேட்டால்தான் சிக்கல். 2023-ல் பாஸ்டன் மருத்துவர்கள் சாட்ஜிபிடியிடம் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பதில்களில் மருத்துவ வழிகாட்டுதலோடு ஒத்துவராத ஏதாவது ஒன்று கலந்திருந்தது. அதே பதிலில் சரியான சிகிச்சையும் இருந்தது. முழுத் தப்பாக இருந்தால் நாமே கண்டுபிடித்துவிடுவோம், சரியானதுக்கு நடுவே அதே தோரணையில் உட்கார்ந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குப் பிறகு இந்தக் கருவிகள் தேறியிருக்கின்றன என்பது உண்மை, ஆனால் உங்கள் அப்பாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் யார்?

குரூப் விஷயம். முடி கொட்டியபோது எப்படிச் சமாளித்தார்கள், அடையாறில் தங்க எங்கே இடம் கிடைத்தது, உழவன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினால் அங்கே போக எது வசதி, இதெல்லாம் போய் வந்தவருக்குத்தான் தெரியும், எந்த டாக்டருக்கும் தெரியாது. அதற்கு குரூப்தான் சரியான இடம். மருந்துக்கு இல்லை. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துப் போடும்போது பெயர், போன், ஆதார், மருத்துவமனை எண் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். அப்படியே போட்டால் கொஞ்ச நாளில் மூலிகை வியாபாரி உங்கள் நம்பருக்கே கூப்பிடுவான். அப்பாவைக் கேட்டுவிட்டுப் போட்டீர்களா என்பது தனி.

கன்னத்தில் புற்று வந்து ஆபரேஷன் செய்த என் கணவர், வெற்றிலை புற்றைக் கொல்லும் என்று ஒரு வீடியோவைக் காட்டி மறுபடி போட ஆரம்பித்துவிட்டார்.
– கும்பகோணம்

நம் ஊர் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு வந்ததில் எனக்கும் பெருமைதான். வெற்றிலைச் சாறு ஆய்வுக்கூடத்தில் ஏதோ செய்தது என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கலாம், தட்டில் இருக்கிற செல்லைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் கணவர் வெறும் இலையையா மெல்லுகிறார்? கூடவே சீவல் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும் புற்றை உண்டாக்கும், பாக்கே உண்டாக்கும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. புகையிலை சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். வீடியோவில் சீவலைப் பற்றிப் பேச்சே வந்திருக்காது. நமக்குப் பிடித்ததை நல்லது என்று சொல்கிற வீடியோவை நாம் சந்தேகப்படுவதே இல்லை, அவர் மட்டுமில்லை, எல்லோரும்தான். தனக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் முன்னால் அவரே அந்த வீடியோவைப் போட்டுக் காட்டட்டும். வாய் முன்பு போல அகலமாகத் திறக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

மார்பில் கட்டி தட்டுப்படுகிறது, வலி இல்லை. சதை எடுத்து டெஸ்ட் செய்தால், கத்தி பட்டால் பரவிவிடும் என்று வீடியோ பார்த்துவிட்டு வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். சம்பா அறுப்பு முடியட்டும் என்று இருக்கிறோம்.
– வலங்கைமான்

அறுப்புக்குக் காத்திருக்காதீர்கள் அம்மா. வலி இல்லை என்பதால் தள்ளிப்போடலாம் என்றும் இல்லை, ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

"கத்தி பட்டால் பரவும்" என்பது யூடியூபுக்கு ரொம்ப முந்தைய நம்பிக்கை. அந்தக் காலத்தில் நோய் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே வருவார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தால் எங்கும் பரவியிருக்கும், மூடிவிடுவார்கள், ஆள் சீக்கிரம் போய்விடுவார். பழி கத்தி மேல் விழுந்தது. ஊசி போன தடத்தில் செல் ஒட்டிக்கொள்வது மிக மிக அரிது. ஊசி போடக் கூடாத சில வகைக் கட்டிகள் உண்டு; அவற்றுக்கு மருத்துவர்களே ஊசி போடாமல் முழுதாக எடுப்பார்கள், அது அவர்கள் வேலை. மார்பில் உள்ள கட்டிக்கு ஊசி டெஸ்ட்தான் முறை. கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது மைக்ராஸ்கோப், நானோ வீடியோக்காரரோ இல்லை.

வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். இந்த வாரமே கும்பகோணம் அரசு மருத்துவமனைக்கோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கோ இரண்டு பேருமாகப் போங்கள். ரேஷன் கார்டு, ஆதார் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லையென்றால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிந்துகொள்ளலாம். டெஸ்டுக்கு அந்த அட்டை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் அரசின் மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் செய்யுங்கள், தமிழில் பேசுவார்கள்.